ரெண்டு நூல் குண்டு

டீக்கடைக்குத்தான் போயிருக்காக ஒச்சம்மாவும் மொக்கராசும், ரோட்டுக்கு அந்தப் பக்கம், வண்டிக்குள்ள உக்காந்து பாத்தா ஒச்சம்மா முதுகு தெரியுது, அவ டீயை ஆத்தி ஆத்திக் குடிக்கிற ஆளில்ல, நாலு மடக்குல முடிச்சுட்டு எந்திரிச்சிருவா, அதுக்குள்ள கியர்ப்பெட்டி மூடியைத் தூக்கிரணும். ஆறு போல்ட்டு. கண்ணைக் கட்டிவிட்டாலும் கழட்டுவேன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டுத் திரிஞ்ச ஆறு போல்ட்டு. முதல் போல்ட்டுலயே ஸ்பேனர் வழுக்குது. என்னடா அழகுமலை, பயமா? பயமில்ல, வேர்வை. பொய் சொல்லாத, இங்க யாரு இருக்கா உன் பொய்யைக் கேக்க. தரைத்தகட்டைக் கழட்டி வெளிய வச்சாச்சு, கியர்ப்பெட்டி கீழ தெரியுது, ஆறு வருசத்துப் புழுதியும் ஆயிலும் இறுகி அப்பிக் கிடக்கு, சுரண்டச் சுரண்ட வருது. நடுவுல கியர்க் கம்பி. அதோட தலையில ஒரு துணி சுத்தியிருக்கு, ஊதாச் சேலைக் கிழிசல், மூணு சுத்துச் சுத்தி முடிச்சுப் போட்டது. ஒச்சம்மா கட்டினது. ஆறு வருசத்துக்கு முன்னாடி மலை மெட்டு இறங்கின அந்த ரெண்டு வாரமும் அவதான் முன்சீட்டுல உக்காந்து இந்தக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு வந்தா, கை காந்துதுன்னு துணியைச் சுத்தினா. வெயில்ல வெளுத்துப் போச்சு, முடிச்சு மட்டும் அவுரல. அதை நான் தொடல. மூடியோட சேந்துதான் கம்பி வரும், துணியோடயே வரட்டும், அதை அவுக்குற யோக்கியதை எனக்குக் கிடையாது.

காலையில பத்து மணிக்கு இந்த இஞ்சின் சத்தம் கேட்டப்பவே கையில இருந்த ஸ்பேனரைக் கீழ வச்சுட்டேன். எனக்கு வண்டியைப் பாக்க வேண்டாம், சத்தம் போதும். மொக்கராசு ஜீப்பு. அவன் அப்பா பட்டாளத்து ஏலத்துல எடுத்தது, மூணே கியரு, அந்தக் காலத்து இரும்பு. ஆறு வருசமா வீட்டு வேப்பமரத்தடியில கோழி அடைஞ்சு கிடந்த வண்டி எப்படிடா ரோட்டுக்கு வந்துச்சுன்னு எட்டிப் பாக்குறேன், மொக்கராசு ஓட்டிக்கிட்டு வர்றான், பக்கத்துல ஒச்சம்மா, வலது கை அந்தத் துணி மேல. ஆத்தாடி! அந்தக் கையில பெருவிரலும் சுண்டுவிரலும்தான் இருக்கு. மொக்கராசு இறங்கித் தலையைச் சொறியுறான். "அண்ணே, இஞ்சினை நானே நோண்டி எழுப்பிட்டேண்ணே. பாலத்து இறக்கத்துல செகண்டு கியரு துள்ளி வெளிய வந்துருச்சு. சும்மாவே நின்ன வண்டியில்லையா, பெட்டி செத்துப்போச்சு போல." ஒச்சம்மா அவனை முடிக்க விடல. "இன்னைக்கா துள்ளுது? அன்னைக்கும் இப்படித்தான் துள்ளுச்சு. நான் சொன்னா எவன் கேட்டான்? அண்ணே, பெட்டியைத் தொறங்க. ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பன்னெண்டு பொம்பளைகளைத் திரட்டி வச்சிருக்கேன். வர்ற திங்கக்கிழமை இவன் வண்டியிலதான் மெட்டு ஏறப்போறோம். இனிமே வேற எவன் வண்டியிலயும் நான் ஏற மாட்டேன்." நான் என்ன சொன்னேன்? இந்தப் பழைய பெட்டிக்குச் சாமான் கிடைக்காதும்மான்னேன். வாய் கூசாமச் சொன்னேன். சாமான் எங்கிட்டதான் இருக்கு. அலமாரி மேல்தட்டுல, பல்பொடி டப்பாவுக்குள்ள, ஆறு வருசமா இருக்கு. அவ என்னையே பாத்தா. "தொறங்க, பாப்போம்"னா. சரி, டீ குடிச்சுட்டு வாங்கன்னு ரெண்டு பேரையும் அனுப்பிவிட்டேன், அவுக கண்ணு முன்னாடி இதைத் தொறக்க எனக்குத் தெம்பு இல்ல.

மூணாவது போல்ட்டு. ஒருவேளை பல்லு தேஞ்சிருக்கலாம். செகண்டு நழுவுறதுக்கு ஆயிரம் காரணம் இருக்கு, பல்லு முனை மழுங்கினா நழுவும், தண்டு முன்னும் பின்னும் ஆடினா நழுவும், பல்லைத் தள்ளுற ஃபோர்க்கு வளைஞ்சா நழுவும். முருகா, பல்லு தேஞ்சிருக்கணும். முருகனைக் கூப்பிடுற வாயாடா இது? நெசமாத்தான் கேக்குறேன், பல்லு மழுங்கியிருந்தா பழியை அது மேல போட்டுட்டு இன்னைக்கு ராத்திரி தூங்குவேன். கடையில சால்னா கொதிக்குது, வாசனை ரோட்டைத் தாண்டி வருது, அதுவும் இன்னைக்குன்னு பாத்து வரணும். இந்தப் பெட்டியை நான் பூட்டின அன்னைக்கும் கறிவாசனைதான். சாமிக்குக் கெடாவெட்டு, எங்க பங்காளி வீடு, பன்னெண்டு மணிக்கு முதல் பந்தின்னு சொல்லிவிட்டிருந்தான். முதல் பந்தியில உக்காந்தாத்தான் ஈரலும் ரத்தப் பொரியலும், ரெண்டாம் பந்திக்கு எலும்பும் கொழம்பும்தான் மிஞ்சும். இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்ல, கட்டின பொண்டாட்டி நாகஜோதிகிட்டகூடச் சொன்னதில்ல. ஒரு மனுசன் தப்புப் பண்ணினா அதுக்கு ஒரு தராதரம் வேணாமா? வீட்டுல சாவு, பிள்ளைக்குக் காய்ச்சல், இல்ல குடிச்சிருந்தேன், என்னமோ ஒண்ணு. எனக்கு ஈரல். பன்னெண்டுக்குக் கால் மணி இருக்கு, இந்த மூடியைக் கையில வச்சுப் பூட்டிக்கிட்டிருக்கேன். மூடிக்குள்ள ரெண்டு ராடு, கம்பியைத் தள்ளினா முன்னும் பின்னும் ஓடும். ராடுக்கு மேல ஒரு குழி, குழிக்குள்ள ஸ்பிரிங்கு, ஸ்பிரிங்குக்கு அடியில ஒரு இரும்புக் குண்டு. ராடுல சின்னதாப் பள்ளம் வெட்டியிருக்கும், கியர் விழுந்ததும் குண்டு அந்தப் பள்ளத்துல உக்காந்து ராடை நகரவிடாமப் பிடிச்சுக்கும். அவ்வளவுதான் விசயம். குண்டு பிடிக்கலைன்னா இறக்கத்துல கியர் தானா வெளிய வந்துரும். குண்டு மூணு நூல் இருக்கணும், எட்டு நூல் சேந்தா ஒரு அங்குலம், பட்டறையில இதுதான் எங்களுக்கு அரிச்சுவடி. ராடைத் தள்ளுறப்ப விரல் லேசா விலகுச்சு, டிக்குன்னு தெறிச்சு ஓடிருச்சு குண்டு. குனிஞ்சு தேடுறேன், பெஞ்சுக்கு அடியில, டயருக்கு அடியில, சாக்கடை ஓட்டையில குச்சியை விட்டுத் தேடுறேன், மணி ஓடுது, பந்தியில இலை போட்டிருப்பாய்ங்க. சன்னல்ல ஒரு சிரட்டையில சைக்கிள் பால்ரஸ் குண்டு கிடந்துச்சு. ரெண்டு நூல். ஒரு நூல்தானே சின்னதுன்னு எடுத்துப் போட்டேன், ஸ்பிரிங்கை வச்சு மூடினேன், கையை ஒழுங்கா மண்ணெண்ணெயில கழுவக்கூட இல்ல, ஓடினேன். ஈரல் நல்லா இருந்துச்சு. அதுதான் கொடுமை, நல்லா இருந்துச்சு, இன்னொரு கரண்டி கேட்டு வாங்கித் தின்னேன்.

நாலாவது போல்ட்டு துருப்பிடிச்சுப் போயிருக்கு, தட்டித்தான் எடுக்கணும், தட்டினா சத்தம் கேக்கும், சத்தம் கேட்டா அவ திரும்பிப் பாப்பா. பாக்கட்டுமே, மெக்கானிக்கு தட்டாம வேற யாரு தட்டுவா? மறுநாள் காலையில கூட்டுறப்ப நெசக் குண்டு கிடைச்சுச்சு, பெஞ்சுக் காலுக்கும் சுவத்துக்கும் நடுவுல, என்னைப் பாத்து முழிச்சுக்கிட்டுக் கிடந்துச்சு. பல்பொடி டப்பாவுல போட்டேன், அடுத்த தடவை வண்டி வந்தா சத்தமில்லாம மாத்திரலாம்னு. வண்டியும் வந்துச்சு, ஒரே வாரத்துல வந்துச்சு. "அண்ணே, இறக்கத்துல செகண்டு லேசா நழுவுதுண்ணே"ன்னு மொக்கராசு சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான், எம்மேல அம்புட்டு நம்பிக்கை. பட்டறையில நாலு பேரு நிக்கிறாய்ங்க. சுவத்துல நானே பெயிண்டால எழுதி வச்சிருக்கேன், இந்தா இப்பவும் இருக்கு, 'கழற்றிய சாமான் வண்டிக்காரர் கையில் தரப்படும்'. இந்தப் பக்கத்துல எந்தப் பட்டறையிலயும் இல்லாத வழக்கம், நான் கொண்டாந்தது. தேஞ்ச புஷ்ஷோ, ஒடைஞ்ச பல்லோ, எதைக் கழட்டினாலும் துடைச்சு அவன் உள்ளங்கையில வைப்பேன், பாத்துக்கய்யா, மாத்தியிருக்கேன், ஏமாத்தலன்னு. அதுல எனக்கு என்ன ஒரு மிதப்பு! அன்னைக்குத் தொறந்திருந்தா நாலு பேரு முன்னாடி சைக்கிள் குண்டை எடுத்து அவன் கையில வச்சிருக்கணும். கியர்பாக்ஸ் அழகுமலை போட்ட சைக்கிள் குண்டு. ஊரே சிரிச்சிருக்கும். சிரிச்சிருந்தா என்ன? ரெண்டு நாள் சிரிச்சிருப்பாய்ங்க, மூணாம் நாள் மறந்திருப்பாய்ங்க. மாட்டேன்னுட்டேன். "புதுசா வேலை பாத்த பெட்டிடா, ஓட ஓடப் பழகிரும், அதுவரைக்கும் முன்சீட்டுல உக்காருற பொம்பளையைக் கம்பியைப் பிடிச்சுக்கச் சொல்லு"ன்னேன். நான்தான் சொன்னேன். அந்தக் கையை அங்க கொண்டுபோய் வச்சது நான்தான்.

ஆறும் வந்துருச்சு. மூடியைத் தூக்குறேன், கம்பியோட, துணியோட, கனமா இருக்கு, இல்ல எனக்கு வயசாயிருச்சு. உள்ள பாக்க முதல்ல கண்ணு மாட்டேங்குது. டார்ச்சை அடிச்சுப் பல்லைப் பாக்குறேன். ஒரு பல்லுகூட மழுங்கல. அத்தனையும் கூர்மையா, ஆயில்ல நனைஞ்சு பளபளன்னு இருக்கு, நான் அன்னைக்கு வச்சது வச்சபடி இருக்கு. தண்டு ஆடல. ஃபோர்க்கு நேரா இருக்கு. நல்ல வேலைடா அழகுமலை, எல்லாம் நல்ல வேலை, ஒண்ணைத் தவிர. மூடியைக் கவுத்து மடியில வச்சுத் துணியால பொத்திக்கிட்டு ராடை உருவுறேன், முந்தியும் இப்படிப் பொத்திக்கிட்டுத்தான் உருவுவேன், ஈரல் நினைப்புல அன்னைக்கு மட்டும் பொத்தல. வந்து விழுது. ரெண்டு நூல். ஒரு மொச்சைக்கொட்டை அளவுகூட இல்ல. ஸ்பிரிங்கு அதை ஒரு பக்கமாச் சாய்ச்சு ஒதுக்கியிருக்கு, குழியோட சுவத்துல கோடு விழுந்திருக்கு. இந்தக் குண்டு எதைப் பிடிக்கும்? கம்பியைப் பிடிக்கச் சொன்னதுக்கு ரெண்டு வாரம் கழிச்சு ஒரு நாள் சாயங்காலம் நாலரை மணிக்கு மொக்கராசு பதினாலு பொம்பளைகளோட மெட்டு இறங்குறான். அந்த இறக்கத்துல பிரேக்கை மட்டும் நம்பி எவனும் இறங்க மாட்டான், செகண்டுதான் வண்டியை அமுக்கிப் பிடிச்சு இறக்கும். வளைவுக்கு முந்தி கியரு துள்ளிருச்சு, ஒச்சம்மா ரெண்டு கையாலயும் அமுக்கியிருக்கா, பல்லுகூட ஏறல, கர்ருன்னு கத்தியிருக்கு, வண்டி ஓடுது, ஒரு பக்கம் பள்ளம், மொக்கராசு மலைப்பக்கமா ஒடிச்சுப் பாறையில கொண்டுபோய் விட்டான். அவன் ஒடிச்சதாலதான் பதினஞ்சு உசுரு மிச்சம். முன்தகடு உள்ள வந்து கம்பிக்கும் தகட்டுக்கும் நடுவுல அவ கை மாட்டிக்கிருச்சு. ஏலக்காய் விரலாலதான் எடுக்கணும், செடி அடியில குனிஞ்சு ஒவ்வொண்ணாக் கிள்ளணும். ஆறு வருசமா இடது கையால கிள்ளுறா. யாரும் சாகலையேன்னு எனக்கு நானே சொல்லிச் சொல்லித்தான் இத்தனை நாளும் சோறு தின்னேன்.

அதோட விட்டிருந்தாலும் பரவாயில்ல. மூணாம் நாள் அந்த டீக்கடையில, இந்தா அவ உக்காந்திருக்காளே அதே பெஞ்சுக்கு முன்னாடி, பொம்பளைகளோட புருசன்மாரு மொக்கராசை அடிக்கச் சுத்தி நிக்கிறாய்ங்க. டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரல்ல போட்டு உருட்டிக்கிட்டு வந்தான்னு எவனோ கிளப்பிவிட்டான். அவன் அழுகுறான், இல்லய்யா, செகண்டுலதான்யா போட்டிருந்தேன், என் பிள்ளை சத்தியமாங்கிறான். ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு அவளும் அதையேதான் சொல்லிவிட்டிருந்தா, கம்பி எங்கையில இருந்துச்சு, எனக்குத் தெரியாதாய்யான்னு. மயக்கத்துப் பேச்சுன்னுட்டாய்ங்க. எல்லாரும் என்னைப் பாத்தாய்ங்க. "நீங்க சொல்லுங்கண்ணே, பெட்டியில குறையா?" தொண்டையைச் செருமிக்கிட்டுச் சொன்னேன். "பெட்டி நான் பாத்த வேலை. நியூட்ரல்ல விட்டா பெட்டி என்னய்யா செய்யும்?" அவ்வளவுதான். சமதரையில அவன் ரெண்டு தடவை நியூட்ரல்ல உருட்டினதை ஊரே பாத்திருக்கு, அதனால என் பொய் நல்லா ஒட்டிக்கிருச்சு. மெட்டுல ஒரு இறக்கத்துலயும் அவன் அதைச் செய்ய மாட்டான்னு எனக்குத் தெரியும். அதுக்கப்புறம் அவன் செங்கச்சூளைக்குக் கல்லு சுமக்கப் போனான். வண்டியை விக்கலாம்னு ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு வந்தான், ரெண்டு பேரையும் தனித்தனியாக் கூப்பிட்டு, ராசியில்லாத வண்டிய்யா, எடுக்காதேன்னு சொல்லி அனுப்பிவிட்டேன். வாங்குறவன் வேற பட்டறையில தொறந்துருவானே! அடப்பாவி, இதையெல்லாம் ஒருத்தன் செஞ்சான்னு யாராவது வந்து எங்கிட்டச் சொன்னா காறித் துப்பியிருக்க மாட்டேன்? பெஞ்சு காலியா இருக்கு. எங்க அவ?

"என்னண்ணே, தொறந்தாச்சா?" ஒச்சம்மா வண்டிக்குப் பக்கத்துலயே நிக்கிறா, பின்னாடி மொக்கராசு. எப்ப ரோட்டைத் தாண்டி வந்தாளோ தெரியல. என் கையில குண்டு. வேட்டியில மறைக்க முடியாது, சட்டைப்பைக்குப் போனா பாத்துருவா, குனிஞ்சு இருமுற மாதிரி இருமி வாயில போட்டுக்கிட்டேன். போல்ட்டு, நட்டு, வாஷர் எல்லாம் வாயில வச்சுக்கிட்டு வேலை பாக்குற வாய்தானே, பழகின வாய்தான். கசப்பு. பழைய ஆயில், துரு, இரும்பு. நாக்குக்கு அடியில உருளுது. "என்ன இருக்கு உள்ள?" தலையை ஆட்டுறேன், ம்ங்கிறேன். காலடியில அழுக்குச் சாமான் டப்பா கிடக்கு, அதுல ஒரு செத்த ஸ்பிரிங்கை எடுத்து, எந்த வண்டியோடதோ, யாரு கண்டா, துடைச்சு மொக்கராசு உள்ளங்கையில வைக்கிறேன். சுவத்துல எழுதினபடி வைக்கிறேன். அவன் வெளிச்சத்துல தூக்கிப் பாத்து, "ஸ்பிரிங்குதானா! அண்ணே, நீங்க கழட்டின சாமானைக் கையில குடுக்குற அழகே அழகுண்ணே"ங்கிறான். எச்சி ஊறுது, கருப்பு எச்சி, துப்பவும் முடியல முழுங்கவும் முடியல. முழுங்கிட்டா என்ன? ஒரு மடக்குத் தண்ணி, உள்ள போயிரும், நாளைக்குக் காலையில வெளிய போயிரும், அதோட ஒண்ணுமே இல்ல, யாருக்கும் எதுவுமே இல்ல. அலமாரியில இருந்து பல்பொடி டப்பாவை எடுத்துட்டு வந்து நெசக் குண்டைப் போடுறேன். ஆறு வருசம் பல்பொடியில கிடந்த குண்டு, ரோஸ் கலர்ல தூள் ஒட்டியிருக்கு, ஊதிவிட்டுப் போடுறேன். போட்டதும் டக்குன்னு உக்காருது. ஐயோ, எவ்வளவு சுளுவா உக்காருது! இந்த ஒரு சத்தத்துக்கு அன்னைக்குக் கால் மணி நேரம் தேடியிருந்தாப் போதுமேடா. மூடி, ஆறு போல்ட்டு, தரைத்தகடு, எல்லாத்தையும் பூட்டுறேன். ஒச்சம்மா என் கன்னத்தையே பாத்துக்கிட்டு நிக்கிறா. பல்வலியாண்ணேன்னு மட்டும் கேட்டா.

பாலத்து இறக்கம் வரைக்கும் ஓட்டிப் பாத்துரலாம்னு மொக்கராசுதான் சொன்னான். அவன் ஸ்டீரிங்குல, அவ பழைய எடத்துல, நான் பின்னாடி மேல்கம்பியைப் பிடிச்சுக்கிட்டு. அவ கை தானாப் போய் அந்தத் துணி மேல உக்காருது. ரெண்டு விரல் கம்பியைச் சுத்தி வளைக்கப் பாக்குது, வளைய மாட்டேங்குது. பாலம் வருது. செகண்டு விழுது. "மதினி, கையை எடு, நிக்குதான்னு பாப்போம்"ங்கிறான். அவ எடுக்கல. "எடு மதினி." மெல்ல எடுத்து மடியில வச்சுக்கிறா. வண்டி முனகிக்கிட்டு இறங்குது, முழு இறக்கமும், கம்பி ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. கீழ போய் ஓரமா நிறுத்துறான். நல்லா இருக்குன்னு கத்துவான்னு நினைச்சேன், பய ஸ்டீரிங்கை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டுக் குனிஞ்சு உக்காந்திருக்கான். "அண்ணன் தொறந்து பாத்துட்டாரு மதினி. ஸ்பிரிங்கு, அதுவும் நின்னு நின்னு செத்தது. அன்னைக்குப் பெட்டி நல்லாத்தான் இருந்திருக்கு." "வாயை மூடு மொக்கராசு." "இல்ல மதினி, நீ எனக்காகப் பேசிப் பேசி எல்லாருகிட்டயும் பேச்சு வாங்கினது போதும். முதல்ல செகண்டுலதான் போட்டேன்னு நினைச்சேன். எல்லாரும் சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகம் வந்துருச்சு. இப்ப கனவுலகூட என் கையே போய் நியூட்ரல் போடுது, நான் பாத்துக்கிட்டே இருக்கேன். நான்தான் போட்டிருக்கேன் மதினி. உன் விரலை நான்தான் எடுத்துட்டேன்." தேம்புறான், நாப்பது வயசு ஆம்பளை, தோள் குலுங்குது. இது எனக்குத் தெரியாது. வண்டியை எடுத்தேன், பிழைப்பை எடுத்தேன்னு தெரியும். அவன் கையில இருந்து அந்தச் செகண்டு கியரையே உருவிட்டேன்னு தெரியாது. அவனுக்கே அவன் மேல நம்பிக்கை இல்லாமப் பண்ணிட்டேன். திங்கக்கிழமை பன்னெண்டு பொம்பளைகளை வச்சுக்கிட்டு இந்தக் கையோட எப்படிடா மெட்டு இறங்குவான்? குண்டு தொண்டைப்பக்கம் உருளுது. முழுங்குடா. முழுங்கு. இப்ப விட்டா நேரமில்ல.

துப்பிட்டேன். உள்ளங்கையில கருப்பு எச்சியோட விழுந்துச்சு, சட்டையில துடைச்சு ரெண்டு பேருக்கும் நடுவுல நீட்டுறேன். "இதுதான் கழட்டின சாமான். ஸ்பிரிங்கு இல்ல. சைக்கிள் குண்டு. அன்னைக்கு நான் போட்டது. கெடா விருந்துல முதல் பந்திக்கு ஓடணும்னு போட்டேன், நெசக் குண்டு மறுநாளே கிடைச்சுச்சு, வெக்கப்பட்டுக்கிட்டுத் தொறக்கல." சொல்லி முடிச்சா எவ்வளவு சின்ன விசயம், ரெண்டு வரிகூட இல்ல. மொக்கராசு திரும்பி என் மூஞ்சியைப் பாக்கல, குண்டையும் பாக்கல, கியர்க் கம்பியைப் பாக்குறான். அடிப்பான், அடிக்கட்டும், அடிச்சா நல்லது. "அப்ப, செகண்டுலதான் போட்டிருந்தேனாண்ணே?" "ஆமாடா." "நியூட்ரல்ல போடலையா?" "போடலடா. செகண்டுலதான் போட்டிருந்த." "செகண்டுலதானா"ன்னு மறுபடியும் கேக்குறான், கண்ணு நிறைஞ்சு மூக்கு ஒழுகி ஒரு சிரிப்பு வருது அவன் மூஞ்சியில, அதைப் பாக்குறதுக்குப் பதிலா நான் அந்தப் பாலத்துல இருந்து குதிச்சிருக்கலாம். ஒச்சம்மா குண்டை எடுக்க வர்றா. பெருவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவுல இடுக்கிப் பாக்குறா, நழுவுது, மறுபடியும் இடுக்குறா, நழுவுது. இடது கையால எடுக்கலாம், எடுக்கல. அந்தக் கையாலதான் எடுப்பேன்னு எடுக்குறா, மூணாவது தடவையில வந்துருச்சு. உருட்டிப் பாத்துட்டு என் உள்ளங்கையிலயே திரும்ப வைக்கிறா. திட்டல. திட்டியிருந்தா தாங்கியிருப்பேன். "எங்ககிட்டச் சொல்லி என்னண்ணே ஆகப்போகுது? எனக்குத்தான் முன்னாடியே தெரியுமே. அன்னைக்கு எங்க நின்னு சொன்னீகளோ அங்க நின்னு சொல்லுங்க. மொக்கராசு, வண்டியைத் திருப்பு."

ஏத்தத்துல செகண்டுலதான் ஏறுறான், கையை வச்சு அமுக்காம, நிமிந்து உக்காந்து ஏறுறான். நான் குண்டை உள்ளங்கையில பொத்திக்கிட்டு உக்காந்திருக்கேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம், கடையில கூட்டம் இருக்கும், புரோட்டாவுக்கு நிப்பாய்ங்க, அன்னைக்கு நின்னவய்ங்கள்ல பாதிப் பேரு இன்னைக்கும் இருப்பாய்ங்க, இந்த ஊரை விட்டு எவன் எங்க போறான். ஊருக்குள்ள இருக்குற ஒவ்வொரு டிரைவருக்கும் பொழுது சாயுறதுக்குள்ள போயிரும். நாகஜோதிக்குப் போயிரும். என்னய்யா, ஈரலுக்காகவான்னு கேப்பா, அவ கேக்குற விதத்தை நினைச்சா இப்பவே குறுகுது. சுவத்துல எழுதினதை அழிக்கணும், இல்ல, அழிக்கக் கூடாது, இருக்கட்டும், தெனமும் காலையில படிக்கணும். வண்டி நிக்குது. ரெண்டு பேரும் இறங்கல, இஞ்சினை மட்டும் அமத்திட்டு உக்காந்திருக்காக. நான் இறங்குறேன். பெஞ்சுக்கு முன்னாடி அதே எடம், அதே சிமெண்டுத் தரை, தொண்டை தானாச் செருமப் போகுது, அன்னைக்குச் செருமின மாதிரி, அடக்கிக்கிறேன். பத்துப் பன்னெண்டு பேரு இலையில இருந்து தலையைத் தூக்கிப் பாக்குறாய்ங்க. "என்னண்ணே, டீயா?"ங்கிறான் கடைக்காரன், டம்ளரை எடுத்துட்டான். டீ வேண்டாம்ப்பான்னு சொல்லிட்டு, குண்டு இருக்குற கையை விரிக்கிறேன், எல்லாருக்கும் கேக்குற மாதிரி, அன்னைக்கு எம்புட்டுச் சத்தமாச் சொன்னேனோ அம்புட்டுச் சத்தமாச் சொல்றேன், "மொக்கராசு செகண்டுலதான்யா போட்டிருந்தான்."